குளிர்ந்த உடம்பில் போட்ட ஊசி

“…அதே மருந்துதானே? வேற கதை எதுவும் வாணாம். நேத்து எங்க ஆளைக் கொண்டுபோகப் பாத்துச்சே, அந்த மருந்துதானே இந்தத் தட்டுல கீது?”

செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி வார்டின் வாசலில், நிலையின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு என்னை மறித்துக் கேட்டவள் அஞ்சலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கருவாடு காயவைத்து விற்கிறவள். என் கையில் எனாமல் தட்டு. அதில் கொதிக்கவைத்த ஊசியும் கரைத்து வைத்த மார்பினும். அவளுக்குப் பின்னால் மூன்றாவது கட்டிலில் அவள் புருஷன் கன்னியப்பன். பல்லுக்கிடையில் துணியைச் சுருட்டிக் கொடுத்திருந்தார்கள். துணியையும் தாண்டி வந்தது சத்தம்.

‘ஆமாம்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு நாக்கு எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மருந்து கட்டும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளான நீங்கள் என்னைப் பார்த்தால், “அந்தக் காலத்துல எல்லாத்தையும் நீங்களே கலப்பீங்களாமே சார்?” என்று ஆசையாகக் கேட்கிறீர்கள். கலந்தோம், இடித்தோம், சலித்தோம், சீசாவில் ஊற்றிக் காகிதம் ஒட்டினோம். அதைச் சொல்ல நான் வேண்டாம். எனக்குத் தெரிந்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் அந்தக் கடலோரத்தில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். காலேஜ் வாசலை மிதித்தவன் இல்லை. பழைய இங்கிலீஷ் மருந்துப் புத்தகம் ஒன்று, அகராதி ஒன்று, இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு நானாகப் படித்தவன். நானாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. படித்ததெல்லாம் தனக்கு மட்டும் கிடைத்த புதையல் என்று நினைப்பான். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்பினைப் பற்றிப் பேசுவேன். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால், காய்ந்தால் அபின். அபினுக்குள் பல சரக்கு உண்டு. வலியை அடக்குவதில் தலையானது மார்பின். அதைத் தனியாகப் பிரித்தால் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஓர் அமிலத்தோடு கூடி உப்பாக மாறினால் சட்டென்று கரையும். எங்களுக்கு வந்தது அந்த உப்பு. கடுகைவிடச் சற்றுப் பெரிய மாத்திரைகள், மெல்லிய குழாய்ச் சீசாவில். ஒன்று கால் கிரெயின். உங்கள் கணக்கில் பதினாறு மில்லிகிராம். கொதித்து ஆறிய நீரில் கரைத்துத் தோலுக்கு அடியில் போட வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். கரைந்த மருந்தை மூளைக்குக் கொண்டுபோவது யார் என்று மட்டும் நான் நின்று யோசித்ததில்லை.

டிஸ்பென்சரி டாக்டர் அன்று மதுராந்தகம் போயிருந்தார். போகும்போதெல்லாம் அபாய மருந்து அலமாரியின் சாவியை என்னிடம் கொடுப்பார், கொடுக்கும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: “உசிர் போற வலின்னா ஒரு தடவை போடு. ரெண்டாவது தடவைன்னா நான் வரணும்.” சட்டப்படி அந்தச் சாவி என் கைக்கே வரக்கூடாது. ஆனால் எலும்பு ஒடிந்தவனை இருபது மைல் தூக்கிப்போக வேண்டிய ஊரில் சட்டம் கொஞ்சம் வளைந்துதான் நிற்கும்.

ஐப்பசி மழை. காலை எட்டு மணிக்கு ஒரு கூட்டம் வந்தது. இரண்டு துடுப்பில் வலையைக் கட்டித் தூளி மாதிரி தூக்கிவந்தார்கள். உள்ளே கன்னியப்பன். விடியும்போது கட்டுமரம் அலையில் கவிழ்ந்து, மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் இடது கால் மாட்டிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழுத்தளவு தண்ணீரில் கிடந்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. காதுக்கு மேலே ஒரு சின்ன வெட்டு. தொட்டால் பிணத்தைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தான். உதடு நீலம். நாடி, நூல் இழுத்தது போல. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. “வெட்டிப் போட்ருங்க… காலை வெட்டிப் போட்ருங்கடா…”

கட்டையை வைத்துக் காலைக் கட்டினேன். எட்டரைக்கு இடது புஜத்தில் தோலுக்கு அடியில் கால் கிரெயின் போட்டேன். செங்கல்பட்டுக்கு அனுப்பச் சீட்டு எழுதினேன்: ‘மார்பின் கால் கிரெயின், காலை 8.30.’ மடித்து அஞ்சலையிடம் கொடுத்தேன். அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கால் மணி ஆயிற்று. அலறல் குறையவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இன்னா கம்பவுண்டரே, உப்புத்தண்ணியா ஏத்துன? அத்தத்தான் அவன் கடல்லயே வவுறு நெறைய குடிச்சிட்டானே” என்றார். அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அஞ்சலை சிரிக்கவில்லை. “அண்ணாத்த, இன்னொண்ணு போடேன். என்னால கேக்க முடியல. உனக்குப் புண்ணியமா போவும்” என்றாள்.

புண்ணியமும் அவமானமும் ஒரே நேரத்தில் ஒருவனைத் தள்ளினால் அவன் விழாமல் என்ன செய்வான்? புத்தகத்தில் ‘தேவைப்பட்டால் மீண்டும் கொடுக்கலாம்’ என்று ஒரு வரி உண்டு. எத்தனை மணி கழித்து, எப்படிப்பட்ட உடம்புக்கு என்பதெல்லாம் அதற்கடுத்த வரிகள். எனக்கு அந்த முதல் வரி போதுமாயிருந்தது. எட்டு ஐம்பதுக்கு வலது தொடையில் இன்னொரு கால் கிரெயின் போட்டேன்.

சீட்டைத் திருப்பி வாங்கி அதையும் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் டாக்டர் சொன்னதை மீறியது என் கையெழுத்திலேயே இருக்கும். லாரி வந்துவிட்டது, கூட்டம் தூக்கு தூக்கு என்கிறது. அவள் இடுப்பில் இருந்த சீட்டு அங்கேயே இருந்தது. நான் ஒரு பொய்யும் எழுதவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளே, நம் தொழிலில் இப்படி ஒரு பொய்யும் இருக்கிறது. அதற்குப் பேனாவே வேண்டாம்.

லாரி காதர் பாயுடையது. சவுக்குக் கட்டை ஏற்றிச் செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர். பாதி லோடை மழையிலேயே இறக்கிப்போட்டுவிட்டு இடம் பண்ணிக் கொடுத்தார். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கன்னியப்பன், அஞ்சலை, நான், குப்பத்துப் பெண்கள் இரண்டு பேர். கடலில் கிடந்தவனைக் கரைக்குக் கொண்டுவந்தால் சூடேற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். அதை மார்பிலும் தொடையிலும் வைத்தார்கள். சுக்குப்பொடியை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தேய்த்தார்கள். மேலே இரண்டு கம்பளி. நானும் சேர்ந்துதான் தேய்த்தேன். அது தப்பும் இல்லை. குளிர்ந்தவனைச் சூடேற்றத்தான் வேண்டும். ஆனால் தோலுக்கு அடியில் நான் எதை வைத்திருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த எனக்கோ உறைக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது கன்னியப்பன் முகத்தில் நிறம் வந்தது. நாடி நன்றாகத் துள்ளியது. அலறல் முனகலாகி, முனகலும் நின்றது. “தூங்கிட்டான்” என்றாள் ஒருத்தி. காதர் பாய் வண்டியை ஓரம் கட்டி எட்டிப்பார்த்தார். “கம்பவுண்டர் சார், உங்க கை ராசியான கை” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மறக்கக் கூடாது என்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். அஞ்சலை புருஷனின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணாத்த, இது தூக்கம் இல்ல.”

“ஏம்மா?”

“தூங்கினா கொறட்டை வுடும். பக்கத்து வூட்டுக்காரன் செவுத்த தட்டுவான். இப்ப சத்தமே இல்ல. ஒரு மூச்சு வந்துச்சுன்னா அடுத்த மூச்சுக்குள்ள பன்னெண்டு எண்ணிட்டேன்.”

கட்டுமரம் தள்ளுகிற வீட்டுப் பெண். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எண்ணிப் பழகியவள். நான் கடிகாரம் வைத்துக்கொண்டு பார்க்காததை அவள் விரலை மடித்து எண்ணியிருந்தாள். கன்னியப்பனின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி, ஊசி முனையால் குத்திய புள்ளி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். உடம்பு குளிர்ந்து, ரத்தம் குறைந்து நிற்கும்போது, அது தோலுக்குப் போகிற ரத்தத்தை நிறுத்தி இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் தோலுக்கு அடியில் போட்ட மருந்தை எடுத்துப்போக ஆளே வருவதில்லை. போட்ட இடத்தில் அப்படியே கிடக்கும். முதல் ஊசி வேலை செய்யவில்லை என்று நான் நினைத்தது தப்பு. அது இன்னும் புறப்படவேயில்லை. பிறகு உடம்பு சூடேறியது, ரத்தம் திரும்பத் தோலுக்கு வந்தது, கிடந்த இரண்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. மார்பின் வலியை அடக்குவதோடு நிற்காது. மூளையின் அடித்தண்டில் மூச்சுக்கு ஆணை போடுகிற ஓர் இடம் இருக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் அந்த இடம் பதறி ‘இழு, இழு’ என்னும். அந்தப் பதற்றத்தை மார்பின் எடுத்துவிடும். வலியாவது உறுத்தி மூச்சைக் கிளப்பிக்கொண்டிருந்தது, வலியும் போயிற்று. மனிதன் நிம்மதியாக மூச்சு விட மறந்துபோவான். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று எல்லாரும் சொல்வார்கள். ஒவ்வொரு ஊசியும் அளவோடுதான் இருந்தது. அந்தப் பழமொழி எனக்கு அன்று உதவவில்லை.

மீதி வழி முழுக்க அவன் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். மூச்சு நின்றால் மார்பை அமுக்கினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மழையில் ரோடு சேறாகிக் கிடந்ததால், ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. அங்கே இருந்த டாக்டர் மெலிந்த மனிதர், யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர் என்று பின்னால் தெரிந்தது. அஞ்சலை சீட்டை எடுத்துக் கொடுத்தாள். வாய்விட்டுப் படித்தார்.

“கால் கிரெயின். எட்டரை மணி. இப்ப பன்னெண்டு.” இமையைத் தூக்கிப் பார்த்தார். காதுக்கு மேலே இருந்த வெட்டைத் தொட்டார். “கால் கிரெயின் மூணரை மணி நேரம் கழிச்சு இப்படிச் செய்யாதே. தலையில அடிபட்டுதா?”

“மரம் கவுந்துச்சு சார்” என்றார் காதர் பாய். “தலையில பட்டிருக்கும்.”

டாக்டர் நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: “கண்மணி இப்படிச் சுருங்க ரெண்டே காரணம். ஒண்ணு அபின் சரக்கு. இன்னொண்ணு மூளைத் தண்டுல ரத்தக்கசிவு. முதலாவதுன்னா மூச்சைக் கையால குடுத்துக் காப்பாத்தலாம். ரெண்டாவதுன்னா என்ன குடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. சீட்டைப் பார்த்தா ரெண்டாவதுன்னுதான் தோணுது. அந்தம்மாகிட்ட மெதுவா சொல்லிடு.”

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் சீட்டு சொன்னதை அவர் நம்பினார்.

பிள்ளைகளே, எனக்கு எதிரே ஒரு கதவு திறந்துகொண்டது. இவன் தலையில் அடிபட்டுச் செத்தான் என்று ஆகிவிடும். என் சாவி, என் வேலை, என் ராசியான கை, எல்லாம் அப்படியே இருக்கும். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. நான் கன்னியப்பன் மார்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு மூச்சு நேரம் நின்றேன். நம் மூச்சு நான்கு என்றால் பதினைந்து விநாடி. அவன் மூச்சு நான்கு என்றால் ஒரு நிமிஷம்.

அஞ்சலை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. சீட்டைப் படித்தது மட்டும் விழுந்திருக்கிறது. கோபமோ சந்தேகமோ இல்லாமல், ஒரு சாமானை மறந்துவிட்டவனுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி கேட்டாள்: “தொடையில ஒண்ணு போட்டியே அண்ணாத்த, அத்த ஐயாகிட்ட சொல்லிட்டியா?”

நானாகச் சொல்லவில்லை. உங்களிடம் அதை மறைத்து எனக்கு இனி ஆகப்போவது என்ன? அவள் கேட்ட பிறகுதான் சொன்னேன்.

“சார், ரெண்டு. இன்னொரு கால் கிரெயின். எட்டு ஐம்பதுக்கு. உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. “எங்கே எங்கே போட்டே?” என்றார்.

“இடது புஜம். வலது தொடை.”

“ரப்பர் குழாய் கொண்டா. ரெண்டுக்கும் மேலே கட்டு. நான் சொல்லும்போது தளர்த்தணும். அந்தத் தவிட்டு மூட்டையெல்லாம் அங்கேருந்து எடு. இன்னும் எவ்வளவு உள்ளே கிடக்கோ, அது மெதுவா வரட்டும்.” கட்டிக்கொண்டே சொன்னார்: “இத்தாலியில பனியில கிடந்த சோல்ஜர்களுக்கு நானும் இப்படித்தான் போட்டேன். வலி போகலையேன்னு இன்னொண்ணு. கம்பளி போத்தி உள்ளே கொண்டுவந்து படுக்கவெச்சா, சூடு ஏறினதும் மேஜை மேலேயே போயிட்டாங்க. எத்தனை பேர்னு கேட்காதே.”

இன்றைக்கு உங்கள் பெட்டியில் மாற்று மருந்து இருக்கிறது. ஊசி உள்ளே போவதற்குள் ஆள் எழுந்து உட்கார்ந்து உங்களைத் திட்டுவான். அன்று எங்கள் கையில் இருந்தது எங்கள் கைதான். தலைமாட்டில் மண்டியிட்டு அவனுடைய இரண்டு முன்னங்கைகளையும் பிடித்துத் தலைக்கு மேலே இழுக்க வேண்டும். மார்பு விரிந்து காற்று உள்ளே போகும். மறுபடி மடக்கி மார்போடு அமுக்க வேண்டும்; காற்று வெளியே வரும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை. நான், வார்டு ஆள் ஒருவர், காதர் பாய், மூன்று பேரும் மாறி மாறிச் செய்தோம். ஒரு தடவை நான் களைத்துச் சுவரில் சாய்ந்து, “மூச்சு தானா வருது சார், கொஞ்சம் விடலாமா?” என்றேன். டாக்டருக்கு முன்னால் பாய் பதில் சொன்னார்: “மலையெறக்கத்துல வண்டி நின்னுட்டா மாதிரிதான் இருக்கும் சார். காலை எடுத்தா உருண்டுக்கினு போயிடும்.”

அஞ்சலைக்கும் ஒரு வேலை கொடுத்தார் டாக்டர். “அபின் மயக்கத்துல இருக்கறவன் மூச்சு விட மறப்பான், ஆனா காதுல சொன்னா செய்வான். பழகின குரல் வேணும். காதுகிட்ட போய் மூச்சு விடச் சொல்லு.”

புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. முதலில், “யோவ், மூச்சு வுடுய்யா” என்று கூச்சத்தோடு முனகினாள். அசைவில்லை. பிறகு தொண்டையைத் திறந்தாள். “எல்லம்மா மவனே! இழுய்யா! ஊரு வலையெல்லாம் இழுக்கத் தெரியுதுல்ல, சொந்த மூச்சை இழுக்க மாட்டியா? சோம்பேறி! என்னைய இங்க இட்டுக்கினு வந்து பேஜாரு பண்றியா? இழு!”

மார்பு ஏறியது. அவன் இழுத்தான்.

“இன்னொண்ணு! உங்கம்மா ஒத்த மூச்சுதான் குடுத்து அனுப்பிச்சாளா?”

மறுபடி இழுத்தான். வார்டே திரும்பிப் பார்த்தது. அவனுடைய குலம் கோத்திரம் ஒன்று பாக்கியில்லாமல் திட்டித் தீர்த்தாள். திட்டுகிற போதெல்லாம் ஒரு மூச்சு வந்தது. வாயோரம் எச்சில் வழிய, கண்ணில் தண்ணீர் கொட்ட, ஒரு நிமிஷம் நிறுத்தாமல் திட்டினாள். வசவுக்கு இப்படி ஒரு பயன் இருப்பதை நான் எந்த மருந்துப் புத்தகத்திலும் படித்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு தானாக நிமிஷத்துக்குப் பத்து என்று வந்தது. டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்து, “அந்தச் சீட்டை எடு” என்றார். எடுத்தேன். “ரெண்டாவதையும் எழுது. போட்ட நேரத்தையும் எழுது, சொன்ன நேரத்தையும் எழுது.”

‘மார்பின் கால் கிரெயின், காலை 8.50. தெரிவித்தது 12.10’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதியதிலேயே கனமான வரி அதுதான். அதற்குப் பின்னால் எனக்கு என்ன ஆயிற்று என்பது சின்ன விஷயம். எங்கள் டாக்டர் சாவியை வாங்கிக்கொண்டார். விசாரணை நடந்தது. வெகு காலம் அந்த அலமாரிப் பக்கம் நான் போகவில்லை.

கன்னியப்பனுக்கு ஆனது சின்ன விஷயம் இல்லை. மறுநாள் காலையில் மயக்கம் முழுதாகத் தெளிந்தது. தெளிந்ததும் வலி வந்தது. பாதம் கருத்துப்போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். எடுத்தார்கள். அதன்பின் அவன் கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அன்று காலை, அறுப்பதற்கு முன்னால், கட்டைப் பிரிக்கவே விடமாட்டேன் என்று கட்டிலை உதைத்தான். இரவு முழுக்க ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்த என்னை டாக்டர் கூப்பிட்டார். “அரைக்கால் கிரெயின் கரைச்சு வை. நானே வந்து நரம்புல போடறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

அதை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் அஞ்சலை வாசலை மறித்தாள்.

“சொல்லேன். அதே மருந்துதானே?”

“ஆமாம்மா. அதே மருந்துதான்.”

“அப்ப என்னாத்துக்கு மறுபடியும் கொண்டாந்த?”

“இந்த வலிக்கு இதைவிட்டா எங்ககிட்ட வேற இல்லை. மருந்து மேல தப்பு இல்லம்மா. நான் போட்ட விதம் தப்பு.” குளிர்ந்த தோலைப் பற்றியும், நின்றுபோன ரத்தத்தைப் பற்றியும், எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அவள் இமைக்காமல் கேட்டாள்.

“அப்டின்னா,” என்றாள், “ரெண்டு மரமும் அலைக்கு அந்தாண்ட நின்னுகினு இருந்துச்சு. அப்பறம் ஒரே அலையில ரெண்டும் ஏறி வந்து கரையில மோதிக்கிச்சு. அதானே?”

“அதான்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்குப் பாதி அளவு. நேரா ரத்தத்துல, டாக்டரே, கொஞ்சம் கொஞ்சமா விடுவார். எங்கயும் ஒளிஞ்சிக்காது. என்ன செய்யுதோ அப்பவே கண்ணுக்குத் தெரியும்.”

உள்ளே கன்னியப்பன் துணியைத் துப்பிவிட்டு அலறினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“நேத்து நான் கேக்கலன்னா நீ சொல்லியிருப்பியா அண்ணாத்த?”

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. நான்கு மூச்சு நேரம் நின்றவன் நான்.

“தெரியலம்மா” என்றேன்.

பின்னால் டாக்டர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. “என்ன, இன்னும் இங்கேயே நிக்கறே?” என்று என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். அஞ்சலை நிலையிலிருந்து கையை எடுத்தாள். அவருக்கு வழிவிட்டாள். என்னை விடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டில்வரை இழுத்துப்போனாள். அவள் கையில் கருவாட்டு உப்புப் பட்டுப்பட்டு வெடித்த வெடிப்புகள். பிடி சொரசொரவென்று இறுகியது. புருஷனின் வலது கையை நீட்டிக் கட்டில் சட்டத்தோடு முழங்காலால் அழுத்திக்கொண்டாள். என் உள்ளங்கையை விரித்து, மூச்சு ஏறி இறங்குகிற அவன் மார்பில் வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்து, நான் எடுக்க முடியாதபடி அமுக்கிக்கொண்டு, டாக்டரைப் பார்த்து, “போடு நைனா” என்றாள்.